மஞ்சள் பிடித்த ஹெட்லைட்: மலையில் எந்த வைத்தியம் தாங்கும்?

"கண்ணாடி மஞ்சளானா பனிக்கு நல்லதுதானே" என்று ஊட்டி, குன்னூர் டாக்ஸி ஸ்டாண்டுகளில் பாதி வேடிக்கையாகவும் பாதி நம்பிக்கையாகவும் சொல்வார்கள். நல்லதே இல்லை. மஞ்சள் பனிவிளக்கில் வெளிச்சத்தின் நிறம்தான் மஞ்சள். அதன் கண்ணாடி துல்லியமாகத் தெளிந்திருக்கும். பழைய காரின் ஹெட்லைட்டில் பொரிந்துபோன மேல்பூச்சு, பல்பின் வெளிச்சத்தை நாலா பக்கமும் சிதறடிக்கிறது. ரோட்டில் விழ வேண்டியதில் ஒரு பங்கு மேலே போய், மூடுபனியில் பட்டு, ஓட்டுபவர் கண்ணெதிரே வெள்ளைச் சுவராக நிற்கிறது. கல்லட்டி இறக்கத்தின் 36 கொண்டை ஊசி வளைவுகளில் இந்த வெள்ளைச் சுவரோடு இறங்கிப் பார்த்தவர்களுக்கு அதிகம் விளக்க வேண்டியதில்லை.

சரி செய்ய வழிகள் ஏழெட்டு உண்டு. டூத்பேஸ்ட்டில் தொடங்கி புது அசெம்பிளி (லென்ஸும் கூடும் சேர்ந்த முழு விளக்கு) வரை யாரைக் கேட்டாலும் ஆளுக்கொன்று சொல்வார்கள். ஆனால் தேய்த்துத் தெளிய வைப்பது இதில் சின்ன வேலை. எந்த முறையில் தேய்த்தாலும் அன்று மாலை கண்ணாடி பளபளக்கும். தேய்த்த பிறகு மேலே என்ன ஏற்றுகிறோம், அது மலைக் குளிரிலும் ஈரத்திலும் ஒழுங்காக இறுகுமா என்பதில்தான் ஆயுள் இருக்கிறது. சமவெளியில் இருப்பவர் சொல்லும் யோசனை இங்கே பலிக்காமல் போவதும் அந்த இடத்தில்தான்.

ஏன் மங்குகிறது

பழக்கத்தில் கண்ணாடி என்கிறோமே தவிர, இன்றைய கார்களில் அது பாலிகார்பனேட் பிளாஸ்டிக். அம்பாசடர், பத்மினி, பழைய ஜீப் ஆகியவற்றின் வட்ட விளக்குகள் நிஜக் கண்ணாடி. அவற்றுக்கு இங்கே சொல்லும் எதுவும் பொருந்தாது. சந்தேகம் இருந்தால் லென்ஸில் பொறித்திருக்கும் குறிகளைப் பாருங்கள். ஐரோப்பிய விதிப்படி செய்த விளக்கில் 'பிஎல்' என்ற இரண்டு ஆங்கில எழுத்து இருந்தால் அது பிளாஸ்டிக் லென்ஸ். நகத்தால் தட்டினாலும் சத்தம் காட்டிக் கொடுத்துவிடும்.

பாலிகார்பனேட் கல்லடியைத் தாங்கும், வெயிலைத் தாங்காது. அதனால் தொழிற்சாலையிலேயே அதன்மேல் கண்ணுக்குத் தெரியாத கடினப் பூச்சு ஒன்று ஏற்றி விடுகிறார்கள். வெயிலின் புற ஊதாக் கதிர் முதலில் தின்பது அந்தப் பூச்சைத்தான். ஆயிரம் மீட்டர் உயரம் ஏறினால் இந்தக் கதிர் ஏறத்தாழ 10 சதவீதம் கூடுகிறது. ஊட்டி 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது; மேட்டுப்பாளையத்து வெயிலைவிட ஊட்டியின் தெளிந்த வெயில் பிளாஸ்டிக்குக்குக் கடுமையானது. குளிர்கிறது என்பதால் நமக்குத் தெரிவதில்லை. மெல்லிய மேகமும் இந்தக் கதிரைப் பெரிதாகத் தடுக்காது. ஷெட் இல்லாமல் சரிவுச் சாலையோரம் ஒரே திசை பார்த்து நிற்கும் கார்களில் வெயில் பக்கத்து விளக்கு மட்டும் முந்திக்கொண்டு மஞ்சளாவதைக் கவனித்திருப்பீர்கள்.

முதலில் ஒரு குவளைத் தண்ணீர்

எதையும் வாங்குமுன் விளக்கின்மேல் தண்ணீரை ஊற்றிப் பாருங்கள். ஈரமாக இருக்கும்வரை கண்ணாடி தெளிந்து, காய்ந்ததும் மறுபடி மங்கினால் கோளாறு வெளிப்பரப்பில் மட்டும்தான், தேய்த்தால் சரியாகும். தண்ணீர் ஊற்றியும் அதே மங்கல் தொடர்ந்தால் கோளாறு உள்பக்கம், அல்லது பிளாஸ்டிக்கே ஆழமாக மஞ்சளாகிவிட்டது. மெல்லிய சிலந்தி வலைபோல விரிசல் தெரிந்தால் அதுவும் ஆழத்தில் இருப்பது. இந்த மூன்றுக்கும் வெளியே எவ்வளவு தேய்த்தாலும் பலனில்லை.

அடுத்து, டார்ச் அடித்து உள்ளே ரிஃப்ளெக்டரைப் பாருங்கள். வெள்ளிபோல மின்னும் முலாம் கருத்தோ உரிந்தோ இருந்தால், லென்ஸ் புதிதுபோல ஆனாலும் வெளிச்சம் வராது. 60/55 வாட் எச்4 பல்பு போட வேண்டிய இடத்தில் 100/90 வாட் போட்டு ஓட்டிய வண்டிகளில் இது சகஜம். சூட்டில் முலாமும் போகும், பல்பு ஹோல்டரும் உருகும். அப்படிப்பட்ட விளக்குக்கு மாற்றுவது ஒன்றே வழி.

உள்ளே தண்ணீர்த் துளி கோத்து நின்றால் பின்பக்க ரப்பர் மூடி, காற்றுத் துவாரம், லென்ஸைச் சுற்றிய பசை மூன்றையும் பாருங்கள். காலையில் லேசாக ஆவி படிந்து, விளக்கு போட்ட பத்து நிமிடத்தில் மறைந்தால் பயமில்லை. ஹாலஜனை எடுத்துவிட்டு எல்இடி பல்பு மாட்டியவர்களுக்கு இந்த ஆவி சீக்கிரம் போகாது, ஏனென்றால் எல்இடி லென்ஸைச் சூடாக்குவதில்லை. மூடிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் எல்இடி பல்பின் விசிறி வழியாக ஈரம் போவதும் உண்டு.

வேண்டாதவற்றை முதலில் ஒதுக்கிவிடலாம்

டூத்பேஸ்ட் லேசாக அரைத்துத் தேய்க்கும் பொருள். லேசான மங்கலை எடுக்கும். பாதுகாப்பு எதையும் தராது. மிச்சமிருக்கும் நல்ல பூச்சையும் சேர்த்து அரைத்துவிட்டுப் போவதால் சில வாரங்களில் முன்பைவிட மோசமாகும். மண்ணெண்ணெய், துரு நீக்கும் ஸ்ப்ரே எல்லாம் பள்ளங்களில் எண்ணெய் நிரப்பும் வித்தை, முதல் மழைவரைதான். கொசு விரட்டித் தைலம் பிளாஸ்டிக்கையே கரைக்கும். கை பட்ட பெயிண்ட்டையும் கெடுக்கும்.

இவற்றில் மிகவும் ஏமாற்றுவது ஆவி பிடிக்கும் முறை. ஒரு கோப்பையில் திரவத்தைச் சூடாக்கி, குழாய் வழியே வரும் ஆவியைத் தேய்த்த லென்ஸில் காட்டினால் கண்ணெதிரே பளிங்காகும். ஆவி பிளாஸ்டிக்கின் மேல்தோலை உருக்கி வழவழப்பாக்குகிறது, அவ்வளவுதான். வெயிலுக்கு அது வெறும் உடம்பு. உருகி இறுகிய தோலில் சில மாதங்களில் நுண்விரிசல் விழும். அதைத் திருப்பித் தேய்த்து எடுப்பது பெரும்பாடு. அதில் பயன்படும் குளோரின் சேர்ந்த கரைப்பான்களின் ஆவி நுரையீரலுக்கும் ஆகாது. மலிவு, பத்து நிமிட வேலை என்று யார் சொன்னாலும் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

தேய்ப்பு: எல்லா வழிக்கும் பொதுவான பாதி

வாட்டர் பேப்பர் 600, 1000, 1500, 2000, 3000 என்று ஐந்து தாள் (எண் கூடக் கூடத் தாள் நைசாகும்), ஸ்ப்ரே பாட்டிலில் தண்ணீருடன் இரண்டு சொட்டு ஷாம்பூ, அகல மாஸ்கிங் டேப், பிளாஸ்டிக்குக்கான பாலிஷ், துடைக்க மைக்ரோஃபைபர் துணி நாலைந்து. ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் 100 மில்லி போதும். தின்னர், பெட்ரோல், அசிட்டோன் மூன்றும் கிட்டவே வரக்கூடாது. பாலிகார்பனேட் அவை பட்டதும் விரிசல் விடும்.

பழைய வண்டியில் விளக்கைக் கழற்றாமல், வண்டியிலேயே வைத்துத் தேய்ப்பது நல்லது. பதினைந்து வருடக் குளிரிலும் வெயிலிலும் விளக்கை வண்டியில் மாட்டும் பிளாஸ்டிக் காதுகள் மொறுமொறுத்திருக்கும். கழற்றும்போது ஒரு காது உடைந்தால் அசெம்பிளி மாற்றும் செலவு வந்துவிடும். சுற்றியுள்ள பெயிண்ட்டின் மேல் டேப்பை மூன்று அடுக்காக ஒட்டுங்கள். ஓரத்தில் பேப்பர் வழுக்கும்போது ஒரு அடுக்கு கிழிந்தே தீரும்.

600-ல் இடம் வலமாகத் தேய்க்கத் தொடங்கும்போது வழியும் பால் மஞ்சளாக இருக்கும். அது பழைய பூச்சு கரைந்து வருவது. மஞ்சள் நின்று சுத்த வெள்ளையாக வழியத் தொடங்கும் நேரம்தான் முக்கியம்: பூச்சு முழுக்கப் போய் வெறும் பிளாஸ்டிக் வந்துவிட்டது. துடைத்துக் காயவைத்துப் பார்த்தால் லென்ஸ் முழுதும் ஒரே சீரான வெண்மங்கலாக இருக்க வேண்டும். எங்காவது பளபளப்பான தீவுபோலத் திட்டு தெரிந்தால் அங்கே பூச்சு இன்னும் ஒட்டியிருக்கிறது. பெரும்பாலும் மேல் ஓரத்திலும் பானெட்டுக்கு அடியிலும். "பார்க்கவே பயமாக இருக்கிறது, முன்பைவிட மோசமாகிவிட்டதே" என்று இந்தக் கட்டத்தில் பலர் நிறுத்தி விடுகிறார்கள், அல்லது அவசரமாக அடுத்த தாளுக்குப் போகிறார்கள். விட்டுப்போன திட்டுதான் ஆறு மாதத்தில் பூச்சுக்கு அடியில் வளையம் வளையமாகத் தெரியும்.

அடுத்த தாளில் மேலும் கீழுமாக, அதற்கடுத்ததில் மீண்டும் இடம் வலமாக. திசை மாற்றினால் முந்தைய தாளின் கீறல் போய்விட்டதா என்பது தெரியும். ஒரு விளக்குக்கு முக்கால் மணி நேரம் ஒதுக்குங்கள். தண்ணீர் வற்றவிடக் கூடாது. மெஷின் பஃப் போடுபவர்கள் ஒரே இடத்தில் அழுத்திப் பிடித்தால் பிளாஸ்டிக் சூடேறி உருகி வரி விழும்.

எந்தத் தாளில் நிறுத்துவது என்பது மேலே என்ன ஏற்றப் போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. இதைத்தான் பல செய்முறைகள் சொல்வதில்லை.

மேலே ஏற்றுவது: மூன்று தேர்வு

முதலாவது, துணியில் தொட்டுத் துடைக்கும் பாதுகாப்புப் பூச்சு. ஹெட்லைட் கிட்டுகளில் சின்ன உறையிலோ குப்பியிலோ வருவது இதுதான். இதற்கு 3000 வரை தேய்த்து, பாலிஷ் போட்டு, ஆல்கஹாலில் துடைத்த பளிங்குப் பரப்பு வேண்டும். எளிது, மலிவு, தப்பு நடந்தால் திருப்பித் தேய்த்துக்கொள்ளலாம். ஆறு மாதம் முதல் ஒரு வருடம் தாங்கும். வெளியில் நிற்கும் மலை வண்டிக்கு ஆறு மாதம் என்றே கணக்கு வையுங்கள். வெறும் மெழுகு போட்டால் மாதமொரு முறை போட வேண்டும்.

இரண்டாவது, 2கே கிளியர் கோட்: நிறமில்லாத பூச்சும், அதை இறுக வைக்கும் ஹார்டனரும் என இரண்டு பகுதி கலந்து அடிப்பது. டிங்கரிங்-பெயிண்டிங் பட்டறைகளில் பாடிக்கு அடிக்கும் அதே வகை. ஹார்டனர் தனியறையில் இருக்கும் ஸ்ப்ரே டப்பாவாகவும் கிடைக்கிறது. அடியிலுள்ள பித்தானை அழுத்தி உடைத்துக் குலுக்கினால் ஒன்றிரண்டு நாளுக்குள் தீர்த்தாக வேண்டும். ஹார்டனர் இல்லாத சாதாரண 1கே டப்பாவை இதற்கு வாங்காதீர்கள்; பெட்ரோல் துளி பட்டால்கூட அது இளகும். 2கே-க்குப் பரப்பு பளிங்காக இருக்கக் கூடாது. 1000 தாளோடு நிறுத்திவிடுங்கள். அந்தக் கீறல்களில்தான் பூச்சு பிடித்துக்கொள்ளும், கீறலையும் அதுவே நிரப்பித் தெளிவாக்கும். 3000 வரை பளபளப்பாக்கி அதன்மேல் 2கே அடித்தால் ஒரு வருடத்தில் தோலாக உரியும். முதல் சுற்று தூவல்போல மெல்லிசாக. பத்து நிமிடம் விட்டு ஈரமாக இரண்டு சுற்று. தூரம் ஒரு சாண். சரியாக அமைந்தால் மூன்று, நான்கு வருடம் கவலை இல்லை. ஹார்டனரில் ஐசோசயனேட் இருப்பதால் துணி மாஸ்க் போதாது. கரி வடிகட்டி வைத்த பெயிண்டர் மாஸ்க் வேண்டும், திறந்த இடமும் வேண்டும்.

ஆனால் இதே 2கே மலையில் தோற்கிற விதம் ஒன்றுண்டு. மதியம் மூன்றரைக்கு, வெயில் இருக்கிறதே என்று அடித்து முடிப்பார்கள். கண்ணாடிபோல மின்னும். நாலரைக்குப் பள்ளத்தாக்கிலிருந்து மஞ்சு ஏறும். கரைப்பான் ஆவியாகும்போது பரப்பு தானே குளிரும். அந்தக் குளிர்ந்த பரப்பில் ஈரம் படிந்ததும் மோர் தெளித்ததுபோல வெண்மை பூக்கும். ஹார்டனர் வேறு காற்றின் ஈரத்தோடு சேர்ந்து நுண்குமிழிகளை விடும். மறுநாள் வெயிலில் போய்விடும் என்று காத்திருந்தால் போகாது. முழுவதையும் தேய்த்து எடுத்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். குளிர் மட்டும் இருந்தாலும் சிக்கல்தான்: பத்து டிகிரி குறைந்தால் இறுகும் வேகம் ஏறத்தாழ பாதியாகிறது. டப்பாவில் போட்டிருக்கும் நேரமெல்லாம் 20 டிகிரிக் கணக்கு. உறைபனி விழும் ஜனவரி இரவில் வெளியே நிறுத்தினால் பூச்சு மூன்று நாளானாலும் நகம் பதியும்.

ஆகவே 2கே என்று முடிவெடுத்தால் இரண்டே வழி. ஒன்று, மேட்டுப்பாளையத்திலோ கோவையிலோ பட்டறையில் காலையில் கொடுத்து, ஒரு இரவு அங்கேயே விட்டு எடுத்து வருவது. இன்னொன்று, பிப்ரவரி, மார்ச் மாத வறண்ட நாளில் காலை பதினொன்றுக்குத் தொடங்கி ஒரு மணிக்குள் கடைசிச் சுற்றை முடித்து, வண்டியை மூடிய ஷெட்டுக்குள் தள்ளிவிடுவது. அடிக்குமுன் டிம் லைட்டைப் பத்து நிமிடம் எரியவிட்டால் லென்ஸ் உள்ளிருந்து வெதுவெதுப்பாகும். உள்ளங்கைச் சூடு போதும். ஸ்ப்ரேயை எடுக்குமுன் விளக்கையும் இன்ஜினையும் அணைத்துவிடுங்கள். கூடலூர், பந்தலூர் பக்கம் ஜூன் முதல் செப்டம்பர் வரையும், குன்னூர், கோத்தகிரி பக்கம் அக்டோபர் முதல் டிசம்பர் வரையும் இந்த வேலையை நினைக்கவே வேண்டாம். மழைக் காலம் இரண்டு சரிவுக்கும் வேறு வேறு.

மூன்றாவது, பிபிஎஃப் எனப்படும் தெளிவான பாலியூரிதேன் ஃபிலிம். பெயிண்ட்டைப் பாதுகாக்க ஒட்டுவதே இது, 150 முதல் 200 மைக்ரான் தடிமன். 3000 வரை தேய்த்துப் பாலிஷ் போட்ட பரப்பில், ஷாம்பூத் தண்ணீர் தெளித்து, ஃபிலிமை மிதக்கவிட்டு, நடுவிலிருந்து ஓரத்துக்கு ரப்பர் தகட்டால் தண்ணீரைத் தள்ள வேண்டும். குளிரில் ஃபிலிம் விறைக்கும். ஹேர் டிரையரால் இளக்கிக்கொண்டே இழுத்தால் வளைவில் படியும். ஓரத்தை இரண்டு மில்லிமீட்டர் உள்ளே வெட்டி முடியுங்கள். விளிம்பு வரை விட்டால் பிரஷர் வாஷில் தூக்கிக்கொள்ளும். பிபிஎஃப் ஒட்டும் கடைகளில் வெட்டுத் துண்டுகள் மீந்து கிடக்கும். ஓரடிக்கு இரண்டடி அளவில் இரண்டு துண்டு கிடைத்தால் சின்ன காருக்குத் தாராளம். புகை நிற ஃபிலிம் வேண்டாம். வெளிச்சத்தைத் தின்னும், ஃபைனும் கட்ட வைக்கும்.

மலையிலேயே வேலையை முடிக்க வேண்டும் என்றால் எங்கள் தேர்வு ஃபிலிம். ஈரக் காற்று அதற்கு எதிரியில்லை, ஒட்டுவதே தண்ணீரில்தான். லாரிக்குப் பின்னால் போகும்போது தெறிக்கும் ஜல்லியையும் அது வாங்கிக்கொள்ளும். மூன்று, நான்கு வருடத்தில் ஃபிலிம் மஞ்சளானால் சூடு காட்டி உரித்துவிட்டுப் புதிது ஒட்டலாம். லென்ஸை மறுபடி அரைக்க வேண்டாம். குறை ஒன்று உண்டு. பழைய சான்ட்ரோ, ஸ்விஃப்ட்போல உப்பி வளைந்த விளக்குகளில் முதல் முறை ஒட்டுபவருக்குச் சுருக்கம் விழாமல் வராது. அம்மாதிரி விளக்குக்கு ஒட்டிப் பழகிய கையிடம் கொடுப்பது மேல்.

மாற்றிவிடுவது எப்போது

ரிஃப்ளெக்டர் போனது, உள்பக்க மங்கல், விரிசல், உடைந்த காது: இந்த நான்கில் ஒன்று இருந்தால் தேய்ப்புக்குச் செலவழிக்காதீர்கள். கம்பெனி அசெம்பிளி கிடைத்தால் அதுவே நல்லது. லூமாக்ஸ், ஊனோ மிண்டா போன்றவை கார் கம்பெனிகளுக்கே விளக்கு செய்து கொடுப்பவை. அவற்றின் உதிரிபாகப் பெட்டி கம்பெனிப் பெட்டியைவிட விலை குறையும். பெயர் தெரியாத மலிவு அசெம்பிளியில் கடினப் பூச்சு பேருக்குத்தான் இருக்கும். ஒன்றிரண்டு வருடத்தில் மறுபடி மஞ்சள். அதைவிடத் தொல்லை, லென்ஸும் கூடும் சேரும் இடத்தில் இடைவெளி விட்டு, மஞ்சு புகுந்து உள்ளே குளம் கட்டுவது. மலிவானதைத்தான் வாங்க முடியும் என்றால் மாட்டுவதற்கு முன்பே, புது லென்ஸின் மேல் ஃபிலிமை ஒட்டிவிடுங்கள். இரண்டு வருட விளக்கு நான்கு வருடம் ஓடும்.

கோவை உக்கடம் பக்கம் பழைய உதிரிபாகக் கடைகளில் கழற்றிய அசெம்பிளி கிடைக்கும். அங்கே லென்ஸின் மங்கலைப் பார்த்து ஒதுக்காதீர்கள், அதைத் தேய்த்துக்கொள்ளலாம். ரிஃப்ளெக்டர் பளபளப்பு, காதுகள், உயரம் திருப்பும் திருகு மூன்றும் சரியா என்று பாருங்கள். வெளிநாட்டிலிருந்து வந்த இடதுபக்க ஸ்டியரிங் வண்டியின் விளக்கு மட்டும் கூடாது. அதன் டிம் வெளிச்சம் வலப்பக்கம் தூக்கியிருக்கும், எதிரே வருபவர் கண்ணில் அடிக்கும். லென்ஸை மட்டும் பிரித்து மாற்றலாம் என்பவர்களும் உண்டு. பசை இளகும் வகை என்றால் சூடு காட்டிப் பிரிக்கலாம், இறுகும் வகை என்றால் கூடுதான் உடையும்.

மாற்றினால் இரண்டையும் சேர்த்து மாற்றுங்கள். 15 வருடம் முடிந்து ஆர்.சி. புதுப்பிக்க நிற்கும் வண்டிக்கு எஃப்.சி. சோதனையில் விளக்கையும் பார்ப்பார்கள். அதன்பின் ஐந்து வருடத்துக்கு ஒரு முறை அதே சோதனை வரும் என்பதால், புதுப்பித்து ஓட்டப் போகிற வண்டிக்கு ஃபிலிமோ 2கே-யோ கணக்குக்குச் சரிவரும். ஆறு மாதத்தில் விற்கப் போகிற வண்டிக்குத் துடைக்கும் பூச்சே அதிகம்.

பின்விளக்கைப் பற்றி ஒரு வார்த்தை. அது பெரும்பாலும் அக்ரிலிக். மஞ்சளாவது குறைவு, ஆனால் ஆல்கஹால் பட்டாலே நுண்விரிசல் விழும். 2000-க்குக் கீழே போகாமல் லேசாகத் தேய்த்து பாலிஷ் மட்டும் போடுங்கள், சோப்புத் தண்ணீரில் துடையுங்கள்.

எந்த வழியில் போனாலும் கடைசியில் வெளிச்சத்தின் உயரத்தைச் சரிபார்த்தாக வேண்டும். மங்கலாக இருந்த காலத்தில் யாராவது திருகை மேலே ஏற்றி வைத்திருப்பார்கள். லென்ஸ் தெளிந்ததும் அது எதிரே வருபவர் கண்ணைக் குத்தும். சுவரிலிருந்து 10 மீட்டர் தள்ளி வண்டியை நிறுத்தி, டிம் போட்டால் வெளிச்சத்தின் மேல்விளிம்பு பல்பு மட்டத்துக்கு 10 செ.மீ. கீழே விழ வேண்டும். வண்டியும் சுவரும் ஒரே சமதளத்தில் இருக்க வேண்டும் என்பதுதான் நிபந்தனை, நீலகிரியில் பத்து மீட்டர் சமதளம் தேடுவது லென்ஸ் தேய்ப்பதைவிட நேரம் பிடிக்கும். பெட்ரோல் பங்க்கில் கூட்டமில்லாத நேரம் கேட்டுப் பாருங்கள்.